ஆப்பிரிக்காவில் உள்ளூர்ப் பட்டறைகள் செய்யும் உணவு இயந்திரங்களால் உண்மையில் பயன் உண்டா?

நிச்சயம் உண்டு. நைஜீரியா, கானா மக்கள் அன்றாடம் சாப்பிடும் 'காரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக்கிழங்கைத் துருவி, புளிக்கவிட்டு, பிழிந்து, சலித்து வறுத்த குருணை அது.

இதில் இடுப்பை ஒடிப்பது துருவும் வேலைதான். ஆணியால் ஓட்டை போட்ட தகரத்தில் கையால் தேய்க்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் விரல் தோலும் சேர்ந்து போகும். உள்ளூர் வெல்டர்கள் அதே ஓட்டைத் தகரத்தை ஓர் உருளையில் சுற்றி, சின்ன எஞ்சினோடு பெல்ட் மாட்டினார்கள். தகரம் மழுங்கினால் புதுத் தகரமும் ஆணியும் சுத்தியலும் போதும். உதிரிபாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்க வேண்டாம். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. பிழிவதற்கும் மூட்டைமேல் கல் ஏற்றிய இடத்தில் இப்போது லாரி ஜாக்கி வந்துவிட்டது.

நன்றாகத் துருவுவது நேரத்தை மிச்சப்படுத்த மட்டுமல்ல. கிழங்கில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. கிழங்கு நன்றாகச் சிதைந்தால்தான் அதிலேயே உள்ள நொதி அதை உடைக்கும்; நஞ்சில் பெரும்பகுதி சாற்றோடும் ஆவியோடும் போய்விடும்.

அப்புறம், கானாவின் குமாசி நகரில் சுவாமே மேகசின் என்ற பெரிய பட்டறைப் பகுதி இருக்கிறது. 1980-ல் அங்குள்ள பல்கலைக்கழகமே கைவினைஞர்களுக்காக அதற்குள் ஒரு தொழில்நுட்பப் பட்டறையைத் திறந்தது.

குறை என்றால், சாதா இரும்பு புளித்த சாற்றில் துருப்பிடிக்கும். உணவு படும் பாகத்துக்காவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுவது நல்லது.