விநியோகச் சங்கிலியை மின்னிலக்கமாக்கினால் இலாபம் கூடுமா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வணிகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்புபவர்): ஐயா, லோரிகளுக்கு ஜிபிஎஸ் பொருத்தினோம், எடைச்சீட்டையும் கைப்பேசிக்கு மாற்றிவிட்டோம். இருந்தும் இலாபம் ஏறவில்லையே, ஏன்?

பதில்: லோரி புறப்படும் நேரம் மாறியதா என்பதையே நான் முதலில் கேட்பேன். வெட்டிய குலை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் நீராவியில் அவிக்கப்பட வேண்டும் என்பது இத்தொழிலின் பழைய விதி. அடிபட்ட பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்துக் கொழுப்பு அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். கச்சா எண்ணெயில் அது 5 விழுக்காட்டைத் தாண்டினால், வழக்கமான விற்பனை ஒப்பந்தம் கேட்கும் தரத்திலிருந்து சரக்கு இறங்கிவிடும். எந்தத் தோட்டத்தில் எப்போது வெட்டினார்கள், ஆலை வாசலில் எத்தனை லோரிகள் காத்திருக்கின்றன என்ற விவரமெல்லாம் கைக்கு வந்த பிறகும், லோரி நிறைந்தால்தான் எடுப்போம் என்ற வழக்கத்தையே தொடர்ந்தால், தாமதம் துல்லியமாகப் பதிவாகுமே தவிரக் குறையாது. புறப்பாட்டு அட்டவணையை வெட்டு நேரத்தின்படி மாற்றிப் பாருங்கள்.

கேள்வி (உரக்கடை உரிமையாளர்): கிடங்கு நிறையச் சரக்கு இருக்கிறது, ஆனால் வருபவர் கேட்பது மட்டும் இருப்பதில்லை. மென்பொருள் இதைத் தீர்க்குமா?

பதில்: உங்கள் கடையோடு நிறுத்தினால் பாதிதான் தீரும். புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் தன் டயப்பர் விற்பனையை ஆராய்ந்தபோது, குழந்தைகளின் பயன்பாடு ஏறக்குறையச் சீராக இருந்தும், விநியோகஸ்தர்களின் கொள்முதல் பெரிதும் ஏறி இறங்கியது தெரியவந்தது. இதன் காரணங்களை ஹவ் லீயும் சக ஆய்வாளர்களும் 1997-இல் விளக்கினர்: ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவரின் கொள்முதலை மட்டும் பார்த்து, பாதுகாப்புக்கென்று கொஞ்சம் கூட்டிக் கேட்பதால், கடையில் நேர்ந்த சிறு மாற்றம் தொழிற்சாலையை எட்டும்போது பெரிதாகிவிடுகிறது. உங்கள் அன்றாட விற்பனையை விநியோகஸ்தரும் பார்க்கும்படி செய்வதே வழி. விலை வெளியே போகும் என்ற அச்சம் நியாயமானதுதான். விலையை விட்டுவிட்டு அளவை மட்டும் பகிரலாம்.

கேள்வி (கணக்காளர்): இ-இன்வாய்ஸ் எனும் மின்னிலக்க விலைப்பட்டியல் எங்களுக்கு வெறும் சுமைதானா?

பதில்: 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்பனை 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக வந்த கடமை இது. சரக்கு இறங்கிய அன்றே விலைப்பட்டியலை அனுப்பினால், கடன் தவணை அன்றிலிருந்தே எண்ணப்படும். பணம் திரும்பும் நாள்கள் குறையும்.

கேள்வி (6 ஏக்கர் சிறுதோட்டக்காரர்): நிலத்தை வரைபடத்தில் காட்டச் சொல்கிறார்கள். எனக்கு என்ன பயன், ஐயா?

பதில்: 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெயை ஏற்காத ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 சட்டமே இதற்குக் காரணம். 4 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்திற்கு எல்லை முழுவதும் வரைய வேண்டும். உங்களுடையது ஏறக்குறைய 2.4 ஹெக்டேர் என்பதால், ஒரே இடமாக இருந்தால் ஒரு புள்ளியைக் குறித்தாலே போதும். குலைக்குக் கூடுதல் விலை கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால், பிறந்த இடம் தெரியாத குலையை ஏற்றுமதி ஆலை தவிர்க்கும்போது, உங்கள் குலை ஆலை வாசலில் தேங்கி நிற்காது. பதிவுக்கு ஆகும் செலவை ஆலையே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏற்றுமதியின் பலன் பெரும்பாலும் அங்கேதான் சேர்கிறது.