வீட்டுக் கணினியில் ஸ்வரம் எழுத எந்த மென்பொருள், அதை எப்படிச் சோதிப்பது?

டர்பனில் பிள்ளைகளுக்குக் கீபோர்டோ வயலினோ கற்றுத்தரும் வீடுகளில் அடிக்கடி எழும் கேள்வி இது. நொட்டேஷன் மென்பொருள் என்பது ஐந்து கோட்டில் ஸ்வரங்களை எழுதி, வாசித்துக் காட்டி, அச்சிட்டுத் தரும் செயலி. அது ஒலியைச் சேமிப்பதில்லை. எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம் என்ற குறிப்பைத்தான் வைத்திருக்கிறது. அதனால்தான் ஒரே அழுத்தில் முழுப் பாட்டின் சுருதியை மாற்ற முடிகிறது. சமையல் குறிப்பில் உப்பைத் திருத்தலாம், ஆக்கிய குழம்பில் கரைந்ததை எடுக்க முடியாதல்லவா?

மியூஸ்ஸ்கோரில் தொடங்குங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஃபினாலே என்ற பழைய நொட்டேஷன் மென்பொருளைப் புதிதாகத் தேட வேண்டாம், 2024 ஆகஸ்டில் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள்.

சோதிக்க, கர்நாடக இசையின் தொடக்கப் பாடமான சரளி வரிசையே போதும். 4/4 தாளம் வைத்து, 'என்' விசையைத் தட்டி, 5-ஐ அழுத்தினால் கால் ஸ்வரம். பிறகு சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி, சி: இரண்டு பார் (நான்கு கால் ஸ்வரம் கொண்ட கட்டம்) நிறையும். மாயாமாளவகௌளை ராகத்துக்கு ரி, த இரண்டும் அரைப்படி இறங்க வேண்டும்; டி-யையும் ஏ-யையும் தேர்ந்து கீழ் அம்பை ஒருமுறை தட்டுங்கள். ஸ்பேஸ் விசை வாசித்துக் காட்டும். கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, மட்டும் இதில் சரியாக வராது, அது குருவின் வாயிலிருந்துதான் வரவேண்டும்.

விலைக்கு வாங்குவதானால், சோதனைப் பதிப்பு சேமிக்கவும் அச்சிடவும் விடுகிறதா, மியூசிக்எக்ஸ்எம்எல் கோப்பாக (வேறு நொட்டேஷன் மென்பொருளிலும் திறக்கக்கூடிய வடிவம்) தருகிறதா என்று முதலில் பாருங்கள்.

எம்பி3 பாட்டைத் திறந்தால் ஸ்வரம் தானாக எழுதப்பட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த மென்பொருள் அதைச் செய்யாது, காதால் கேட்டு நீங்கள்தான் எழுத வேண்டும்.