ஊருக்கு அடுத்த தண்ணீர் எங்கிருந்து? – கேள்வி பதில்

பேரூராட்சிகளின் குடிநீர் ஆதாரங்கள் பற்றி வந்த கேள்விகளில் சில.

கேள்வி: எங்கள் ஊரில் இப்போது 20,000 பேர் சார். 30 ஆண்டுக்குத் திட்டம் போடுகிறார்கள். எவ்வளவு தண்ணீர் தேவைப்படும்?

பதில்: அப்போது 30,000 பேர் இருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு ஆளுக்கு தினம் 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்பது மத்திய அரசின் 1999 கையேட்டுக் கணக்கு. அதன்படி தினம் 40.5 லட்சம் அல்லது 21 லட்சம் லிட்டர். கசிவுக்கு 15 சதவீதம் கூட்டுங்கள். இன்று சாக்கடை இல்லாவிட்டாலும் பெரிய எண்ணையே எடுப்பேன்.

கேள்வி: புதுப் போரில் மூணு இஞ்சு தண்ணீர் வந்தது. போதாதா?

பதில்: போர் போட்ட அன்று கம்ப்ரஸர் அடிக்கும் தண்ணீரைப் பார்த்து மயங்காதீர்கள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் தண்ணீர் நிற்கிறது. வெடிப்பில் தேங்கியது முதலில் வேகமாக வரும். அது தீர்ந்ததும் ஊற்று எவ்வளவோ அவ்வளவுதான்.

பம்பிங் டெஸ்ட் கேளுங்கள், அதுவும் மே மாதத்தில். மோட்டாரை ஒரே வேகத்தில் குறைந்தது 24 மணி நேரம் ஓடவிட்டு, நீர்மட்டம் இறங்குவதைக் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஓரிடத்தில் மட்டம் நின்றால் நல்லது. விடிய விடிய இறங்கிக்கொண்டே இருந்தால் அந்த அளவுக்கு அந்தப் போர் தாங்காது. நிறுத்திய பிறகு மட்டம் மறுபடி ஏற எத்தனை நேரம் ஆகிறது என்பதும் முக்கியம். மோட்டார் நின்றதும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களை விடாதீர்கள். அப்புறம், நாலு போர் இருந்தால் நாலையும் ஒன்றாக ஓட்டிப் பாருங்கள். ஒரே வெடிப்பிலிருந்து நாலும் இழுத்தால் தண்ணீர் நாலு மடங்காகாது.

கேள்வி: 40 ஹெக்டேரில் பெரிய கண்மாய் இருக்கிறது ஐயா. அதை வைத்தே சமாளிக்க முடியாதா?

பதில்: ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நின்றால் ஒரு கோடி லிட்டர். சராசரி 2 மீட்டர் என்றால் 80 கோடி. வெயிலுக்கும் கசிவுக்கும் பாதி போனதாக வைத்தால் மிச்சம் 40 கோடி. தினம் 40 லட்சம் எடுத்தால் 100 நாள். டிசம்பரில் நிறைந்த கண்மாய் மார்ச்சில் காலி. ஆயக்கட்டு விவசாயிகளுக்கு விட வேண்டியதை நான் இன்னும் கழிக்கவே இல்லை. கண்மாயைத் தூர்வாரி வையுங்கள். கரைக்குக் கீழே உள்ள போர்களுக்கு அதன் ஊற்றுதான் பலம்.

கேள்வி: ஆற்றில் கிணறு?

பதில்: ஆற்றுமணல்தான் தொட்டி, அதுவேதான் வடிகட்டி. மணல் அள்ளித் தீர்த்த இடமென்றால் வேண்டாம்.

கேள்வி: கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருகிறது. பழைய போர்களை மூடிவிடலாமா?

பதில்: மூடாதீர்கள். திருச்சிப் பக்கம் காவிரியில் எடுக்கும் தண்ணீர் ராமநாதபுரம் வரை குழாயில் போகிறது. அவ்வளவு தூரத்தில் நடுவே எங்கே உடைந்தாலும், கரண்ட் போனாலும், கடைசி ஊர்தான் காயும். போரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கக் கூடாது, அது வேறு விஷயம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் திட்டம் வந்ததே அதனால்தான். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். அந்தப் போரையும் துணி துவைக்க, கழுவ விட்டுவையுங்கள்.

கேள்வி: நாங்கள் கடலோரம். கடல்நீரைச் சுத்திகரித்தால்?

பதில்: ஆயிரம் லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். தினம் 40 லட்சம் லிட்டருக்கு 12,000 யூனிட்டுக்குக் குறையாது. கட்டுவதற்கு மானியம் கிடைக்கலாம், மாதாமாதம் கரண்ட் பில்லை யார் கட்டுவது? நெம்மேலி கடல்நீர் நிலையத்தின் செலவைத் தாங்க சென்னை இருக்கிறது.

கேள்வி: கசிவை அடைத்தாலே போதும், புது ஆதாரமே வேண்டாம் என்கிறாரே எங்கள் உறுப்பினர்?

பதில்: பாதி சரி. பம்ப் ஹவுஸில் ஒரு மீட்டர், மேல்நிலைத் தொட்டி வாசலில் ஒரு மீட்டர் மாட்டி ஒரு மாதம் எழுதச் சொல்லுங்கள். தொட்டிக்கு வரும் முன்பே எவ்வளவு போகிறது என்பது தெரிந்துவிடும். தெருக்குழாய்க் கசிவுக்கு வார்டு வார்டாகத் தனியே பார்க்க வேண்டும். அந்த எண் கைக்கு வரும்வரை இரண்டு பக்கமும் வெறும் வாதம்தான்.