இரண்டு பெவரிட்ஜ் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். ரயில்வே முதலாளிகளைக் கோர்ட்டுக்கு இழுத்தவர், உணவுக் கலப்படத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தவர் என்று புகழ்கிறீர்கள். பிலிப்பைன்ஸ் மக்களைச் சுட்டு அடக்கிய போரை ஆதரித்தவரும், கொலம்பியாவிலிருந்து பனாமா பிரியத் துணை நின்றவரும் அவர்தானே? உள்ளூரில் நியாயம், வெளியூரில் அடாவடி. இது இரட்டை வேடம் என்று ஒரு வரிகூட ஏன் எழுதவில்லை?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

பிலிப்பைன்ஸைப் பற்றி எழுதியிருக்க வேண்டும், விட்டது என் பிழை. ஆனால் இரட்டை வேடம் என்பதை ஏற்க மாட்டேன். வேடம் என்றால் இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்க வேண்டும். ரூஸ்வெல்ட் போன்றவர்கள் இரண்டையுமே மனதார நம்பினார்கள்.

இதைப் புரிந்துகொள்ள ரூஸ்வெல்ட்டைவிட ஆல்பர்ட் பெவரிட்ஜ் உதவுவார். இந்தியானாக்காரர், வக்கீல், மேடையைக் கட்டிப்போடும் பேச்சாளர். 1898-ல் ஸ்பெயினோடு சண்டை ஓய்ந்த சூட்டோடு சூடாகத் தேர்தல் மேடையில் அவர் வைத்த வாதம் இது: மக்களின் சம்மதத்தோடுதான் ஆள வேண்டும் என்ற விதி, தங்களைத் தாங்களே ஆளத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். செவ்விந்தியர்களைக் கேட்டா அவர்களை ஆளுகிறோம்? நம் குழந்தைகளைக் கேட்டா?

அந்தக் 'குழந்தைகள்' என்ற சொல்லைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தப்படி ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. ஆறு மாதம் முன்பே பிலிப்பைன்ஸ் விடுதலைத் தலைவர் அகினால்டோ அங்கே சுதந்திரம் அறிவித்திருந்தார். பேச்சுவார்த்தையில் அவர் தரப்புக்கு இடமே தரவில்லை. 1899 ஜனவரியில் மலோலோஸ் நகரில் தங்களுக்கென ஓர் அரசியல் சட்டத்தையும் அவர்கள் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்காவோடு போர். செனட்டராகிவிட்ட பெவரிட்ஜ் அந்தத் தீவுகளை நேரில் பார்த்துவிட்டு வந்து, 1900 ஜனவரியில் செனட்டில் பேசினார். அரசியல் சட்டம் எழுதியவர்களைப் பார்த்த பிறகும் அவர் கருத்து அசையவில்லை: அவர்கள் இன்னும் குழந்தைகள்தான், பசிபிக் நம்முடைய கடல். 1901-ல் பிலிப்பைன்ஸின் சமார் தீவில், பத்து வயதைத் தாண்டியவர்களைக் கொல்லச் சொல்லி உத்தரவிட்டார் அமெரிக்க ஜெனரல் ஜேக்கப் ஸ்மித். ராணுவ நீதிமன்றம் அவரைக் கண்டித்ததோடு விட்டது. ரூஸ்வெல்ட் ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

இப்போது 1907-க்கு வாருங்கள். அதே பெவரிட்ஜ், அதே செனட். நிலக்கரிச் சுரங்கத்திலும் கண்ணாடித் தொழிற்சாலையிலும் பஞ்சாலையிலும் வேலை செய்யும் சிறுவர்களைப் பற்றிய வாக்குமூலங்களை மூன்று நாள் அவையில் படித்தார். 14 வயதுக்குக் குறைந்தவர்களை வைத்துச் செய்த பொருள் மாநில எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அவர் கொண்டுவந்த மசோதா. நிறைவேறவில்லை. 1906-ன் இறைச்சிப் பரிசோதனைச் சட்டத்துக்குப் பின்னாலும் இவர் உழைப்பு உண்டு. இவற்றை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டு இடத்திலும் அவர் தன்னைக் காப்பாளராகவே பார்த்தார். சுரங்கத்துச் சிறுவனுக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார். பிலிப்பைன்ஸ்காரர் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

எதிரணி மட்டும் சுத்தமா என்றால் அதுவும் இல்லை. பிலிப்பைன்ஸைப் பிடிக்கக் கூடாது என்று குரல் கொடுத்த உருக்கு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியின் ஹோம்ஸ்டெட் உருக்காலையில்தான் 1892-ல் கூலிக் காவலர்களை இறக்கித் தொழிற்சங்கத்தை ஒடுக்கினார்கள். தென் கரோலினா செனட்டர் டில்மனும் எதிர்த்தார். வெள்ளையர் அல்லாதவர்கள் இன்னும் கூடிவிடுவார்களே என்ற கவலை அவருக்கு!

எனக்கு மரியாதை உள்ளவர் ஜேன் ஆடம்ஸ். சிகாகோவில் ஏழைகள் நடுவே வாழ்ந்தவர், 1899-லேயே பிலிப்பைன்ஸ் போரை எதிர்த்துப் பேசியவர். ஆனால் 1912-ல் ரூஸ்வெல்ட்டின் முற்போக்குக் கட்சி மாநாட்டில், பெவரிட்ஜ் முதன்மை உரை ஆற்றிய அதே மாநாட்டில், ரூஸ்வெல்ட்டை அதிபர் வேட்பாளராக வழிமொழிந்தவரும் இவரே. குழந்தைத் தொழிலுக்குத் தடை, பெண்களுக்கு வாக்குரிமை எல்லாம் அந்தக் கட்சியின் அறிக்கையில் இருந்தன. வருடத்துக்கு இரண்டு போர்க்கப்பல் கட்டுவதும் இருந்தது. தென் மாநிலக் கறுப்பினப் பிரதிநிதிகளுக்கு உள்ளே இடம் தரவில்லை. அந்த இரண்டு கப்பல்களை விழுங்குவது தனக்குப் பெரும்பாடாக இருந்தது என்று ஆடம்ஸ் பிறகு எழுதினார். விழுங்கினார்.