பேனா மேல 1884ன்னு இருந்தா அது 1884ல செஞ்சதா?

கேள்வி: பழைய பெட்டியில தாத்தாவோட கருப்பு பேனா ஒண்ணு கிடைச்சது சார். பேரல்ல வாட்டர்மேன்ஸ் ஐடியல், நியூயார்க்குன்னும், கீழ பிப்ரவரி 12 1884, நவம்பர் 4 1884ன்னும் பொறிச்சிருக்கு. அடிமுனையில 12ன்னு நம்பர். உள்ள மை தேக்குற ரப்பர் டியூபும் இல்ல, வெளிய மை இழுக்குற லீவரும் இல்ல. இது 1884ல செஞ்சதா? சுடுதண்ணியில ஊறப்போட்டு கழுவி எழுதலாமா?

பதில்: முதல்ல அந்த சுடுதண்ணிய கீழ கொட்டிடுங்க, மத்ததெல்லாம் அப்புறம். உங்க பேனா எபோனைட்டுல செஞ்சது, அதாவது கந்தகம் நிறைய சேர்த்து கெட்டியாக்கின ரப்பர். சூடு பட்டா இளகி வளையும், அதவிட மோசம், கருப்பு போயி பச்சையும் பழுப்புமா வெளுத்துடும். பல வருஷமா வெளிச்சம் பட்ட எபோனைட்டுன்னா பச்சத்தண்ணியில ஊறினாலே நிறம் மாறிடுது, அதனால மூடியையும் பேரலையும் ஊறவே போடாதீங்க.

இப்ப வருஷக் கணக்குக்கு வருவோம். அந்த ரெண்டு தேதியும் பேட்டன்ட் கிடைச்ச தேதிங்க, பேனா செஞ்ச தேதி இல்ல. கம்பெனி இதையே பல வருஷம் தொடர்ந்து பொறிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்ப அமெரிக்காவுல பேட்டன்ட் 17 வருஷம்தான் செல்லும், ஆக 1901லயே ரெண்டுக்கும் ஆயுசு முடிஞ்சிருச்சு, அதுக்கப்புறமும் பொறிக்கிறத நிறுத்தல. ஏன்னா அதுக்குள்ள அந்த தேதி பாக்குறவங்களுக்கு ஒரிஜினல்னு சொல்ற முத்திரை மாதிரி ஆயிருச்சு.

இந்த கம்பெனிய ஆரம்பிச்ச லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் 1837ல நியூயார்க் மாநிலத்துல டெகாட்டூர்ங்கிற ஊர்ல பிறந்தவரு, இன்ஷூரன்ஸ் ஏஜென்டா இருந்தவரு. இவரப்பத்தி நீங்களும் ஒரு கதை கேட்டிருப்பீங்க, பெரிய பாலிசியில கையெழுத்து வாங்கப்போற நேரத்துல பேனா மைய கக்கிடுச்சு, வேற பேப்பர் எடுத்துட்டு வர்றதுக்குள்ள இன்னொரு ஏஜென்ட் அந்த கேஸ தட்டிட்டுப் போயிட்டான், அந்த கோவத்துலதான் நல்ல பேனா கண்டுபிடிச்சாருன்னு. கேட்க நல்லாத்தான் இருக்கு, ஆனா அவரு செத்ததுக்கு அப்புறம் கம்பெனி விளம்பரத்துக்காக பரப்பின கதை அது. நிஜத்துல ஃபிராங்க் ஹாலண்ட்னு ஒருத்தர் 1883ல நியூயார்க்ல பேனா விக்க ஆரம்பிச்சு கொஞ்ச நாள்லயே விட்டுட்டுப் போயிட்டாரு, அந்த வியாபாரத்த வாட்டர்மேன் கையில எடுத்தாரு, எனக்கு என்னவோ அந்த மை கொட்டின கதைய விட இதுதான் சுவாரசியமா படுது.

அவரு செஞ்ச உருப்படியான வேலை நிப்புக்கு அடியில இருக்கிற நாக்குல இருக்கு. உள்ள மை இறங்கணும்னா அந்த எடத்துக்கு காத்து ஏறணும், தண்ணி கேனை கவுத்தா குபுக் குபுக்னு விட்டு விட்டு கொட்டுமே அதே கணக்குதான், பழைய பேனாவும் ஒண்ணு எழுதாம நிக்கும் இல்லன்னா மொத்தமா கொட்டும். வாட்டர்மேன் நாக்குல ஒரு காடி வெட்டி, அந்த காடியோட அடியில மயிரிழை மாதிரி மெல்லிசா கீறல் போட்டாரு. கீறல் வழியா மை தானா ஊறி நிப்புக்கு வரும், மேல காடியில காத்து உள்ள போகும். பிப்ரவரி 12 பேட்டன்ட் இதுக்குத்தான். லென்ஸ் வச்சு நாக்கப் பாருங்க, காஞ்ச மைக்கு அடியில அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியும். தயவுசெஞ்சு ஊசிய விட்டு மட்டும் நோண்டாதீங்க.

1888ல முறைப்படி கம்பெனி ஆச்சு, 1900 பாரிஸ் கண்காட்சியில தங்க மெடல் வாங்குனாங்க, அடுத்த வருஷமே அவரு இறந்துட்டாரு. பெரிய அளவுல தொழில வளத்தது அண்ணன் தம்பி புள்ளையான ஃபிராங்க் டி. வாட்டர்மேன்தான் (இவரு 1925ல நியூயார்க் மேயர் தேர்தல்ல நின்னு தோத்தாரு, அது தனிக்கதை).

உங்க பேனா எந்த காலம்னு பாக்க நம்பர்தான் உதவும். 12ல பின்னாடி இருக்கிற 2 நிப்பு சைஸ், முன்னாடி இருக்கிற 1 ஃபில்லர் வச்சு நேரா பேரல்ல மை ஊத்துற வகை. லீவர் வச்சது 52, அது 1915 வாக்குலதான் வந்துச்சு. 42ன்னா நிப்பு உள்ள போயி வெளிய வர்ற சேஃப்டி பேனா. மூடியில கிளிப் இருந்தா அதுல செப்டம்பர் 26 1905ன்னு இருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த கிளிப் அதுக்கு அப்புறம் வந்தது. நிப்புலயும் 2ன்னு இருந்து வாட்டர்மேன் பேரும் இருந்தா நிப்பு மாத்தாம தப்பிச்சிருக்குன்னு நம்பலாம். எப்படியும் 1884 இருக்க வாய்ப்பு ரொம்ப கம்மி, 1890கள்ல இருந்து 1920க்குள்ள எங்கயோ ஒரு எடத்துலன்னு வச்சுக்கலாம்.

திறக்கிற விஷயம். இந்த காலத்து மூடி பெரும்பாலும் மரை இல்லாதது, சொருகி வச்சதுதான், மெதுவா திருகிக்கிட்டே நேரா இழுங்க, திருகுனா மட்டும் கழண்டு வரும்னு மணிக்கணக்குல மல்லுக்கட்டாதீங்க. மரை இருக்கறது கழுத்துக்கும் பேரலுக்கும் நடுவுல. அங்க பழைய மை பசை மாதிரி பிடிச்சிருக்கும், நிப்பு இருக்கிற முனைய மட்டும் பச்சத்தண்ணியில கொஞ்ச நேரம் நிக்க வச்சு, ஈரத்த துடைச்சுட்டு, ரெண்டு பக்கமும் ரப்பர் ஷீட் பிடிச்சு திருகுங்க. வரலன்னா நாளைக்கு பாத்துக்கலாம்னு வச்சுடுங்க, பிளையர் வேணாம். நிப்பையும் நாக்கையும் பிடுங்கவே வேணாம், ஃபில்லரால பச்சத்தண்ணி அடிச்சு தெளிவா வர்ற வரைக்கும் அலசினா போதும். பாலிஷ் போடாதீங்க, போட்டா நீங்க கேட்ட அந்த தேதியே தேஞ்சு போயிடும்.

மரையில சிலிகான் கிரீஸ் ஒரு துளி தடவி மூடுங்க, சாதாரண ஃபவுன்டன் பேனா மை மட்டும் ஊத்துங்க, படம் வரையற இந்தியன் இங்க் ஊத்துனா கீறலெல்லாம் அடைச்சு பேனா அதோட முடிஞ்சுது. இன்னொண்ணு, மை கால்வாசிக்கு கீழ போனா உள்ள இருக்கிற காத்து கைச்சூட்டுல விரிஞ்சு மைய வெளிய தள்ளும், நல்லா எழுதிக்கிட்டு இருக்கும்போதே சொட்டு விழும், பேனா ரிப்பேருன்னு நினைக்காதீங்க, அதுக்கு முன்னாடியே ரொப்பிடுங்க. சட்டைப் பையில நிப்பு மேல பாக்குற மாதிரி வைங்க.