வலிப்பு வராத நேரத்தில் எடுத்த இஇஜியை (மூளையின் மின் அலைப் பதிவை) வைத்து, வலிப்பு மூளையில் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் நீங்கள் நினைக்கும் இஇஜி வேறு, நான் சொல்லப்போவது வேறு. நான் டாக்டர் இல்லை. அண்ணனுக்கு மாத்திரைக்கு அடங்காத வலிப்பு, ஆபரேஷன் பேச்சு வந்தபோது தேடிப் படித்தவன்.

வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மருந்தால் முழுதாக நிற்பதில்லை. அவர்களில் சிலருக்கு, அது கிளம்பும் பகுதியை எடுத்துவிட்டால் நின்றுவிடும். எம்ஆர்ஐயில் தழும்பு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றும் தெரியவில்லை என்றால்தான் சிக்கல். மண்டையோட்டில் சிறு துளைகள் போட்டு, மின் அலையைப் பிடிக்கும் மெல்லிய எலக்ட்ரோடுகளை மூளைக்குள் இறக்கி, மாத்திரையையும் குறைத்துவிட்டு, வலிப்பு வரட்டும் என்று நாள்கணக்கில் காத்திருப்பார்கள். எது வரக்கூடாது என்று இத்தனை வருடம் வேண்டினோமோ, அது வராதா என்று குடும்பமே உட்கார்ந்திருக்கும்.

வலிப்புகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் பதிவில் திடீரெனத் துள்ளும் கூர்அலைகளையும் பார்ப்பார்கள்தான். ஆனால் அவை வலிப்பு தொடங்காத இடத்திலும் வரும்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீதேவி சர்மா குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு இங்கேதான் வருகிறது. எந்த இடம் அதிகம் துள்ளுகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. எந்த இடம் எதை ஆட்டுவிக்கிறது என்று கணக்கிட்டார்கள். வலிப்பைக் கிளப்பும் இடம், சும்மா இருக்கும் நேரத்தில் மற்ற இடங்களின் தாக்கத்தை நிறைய வாங்குகிறது, திருப்பிக் கொடுப்பது குறைவு. கல்யாண வீட்டில் தகராறு செய்யக்கூடிய மாமாவை நாலு பேர் தோளைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. சத்தம் வராதது அவர் அமைதியானவர் என்பதால் அல்ல. பிடி தளர்ந்தால் வலிப்பு. இது அவர்களின் கருதுகோள்; எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் படுகிறது.

ஆய்வில் இருந்த 65 பேரில் ஆபரேஷன் பலித்தது சுமார் 43 சதவீதம் பேருக்குத்தான். யாருக்குப் பலித்தது, யாருக்கு இல்லை என்பதை இந்தக் கணக்கு 79 சதவீதம் சரியாகச் சொன்னது. ஆபரேஷன் முடிந்தவர்களின் பழைய பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இதெல்லாம் மூளைக்குள் இறக்கிய எலக்ட்ரோடுகளின் பதிவு. தலைமேல் பசை தடவி எடுக்கும் சாதாரண இஇஜியில் இதை எதிர்பார்க்காதீர்கள். உள்ளே இறக்கினாலும், எலக்ட்ரோடு போய்ச் சேராத இடத்தைப் பற்றி எந்தக் கணக்கும் பேசாது. அதனால் எங்கெங்கே இறக்குவது என்று முதலில் முடிவுசெய்ய, வலிப்பு வரும்போது கை எப்படித் திரும்பியது, பேச்சு எப்போது நின்றது என்று வீட்டில் எடுத்த செல்போன் வீடியோவையும் டாக்டர்கள் இன்றும் கேட்கிறார்கள்.