திருப்பூர் பனியன் கம்பெனிகளின் சங்கங்கள் மனு கொடுத்தால் டெல்லி கேட்குமா?

கேட்கும், ஆனால் எல்லாக் கோரிக்கையையும் அல்ல. நூல் விலையையே பாருங்கள். விலை ஏறினால் திருப்பூர் பனியன் கம்பெனிகள் நூல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தச் சொல்லும். நூற்பாலைகளுக்காகக் கோவையில் 1933 முதல் இயங்கும் சங்கமான சைமாவின் ஆலைகளுக்கோ ஏற்றுமதியும் ஒரு வருமானம். பக்கத்து ஊர்க்காரர்கள், ஒரே அமைச்சகம், நேர் எதிரான இரண்டு மனு. இப்படி வந்தால் அரசுக்குச் சும்மா இருப்பதே வசதி.

இருவரும் ஒன்றாகக் கேட்டது பருத்தி இறக்குமதி வரி விலக்கு. 2021 பட்ஜெட்டில் வந்த இந்த வரி, மேல்வரியெல்லாம் சேர்த்து 11 சதவீதம். 2022 ஏப்ரலில் சில மாதங்களுக்கு நீக்கினார்கள். அப்போதும் நூல் விலை அடங்காமல், மே மாதம் திருப்பூரில் இரண்டு நாள் கதவடைப்பு நடந்தது. அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்ட 2025 ஆகஸ்ட்டில் மறுபடி விலக்கு. முதலில் செப்டம்பர் வரை, அப்புறம் டிசம்பர் 31 வரை.

சரி, இதில் யாருக்கு நஷ்டம்? வெளிநாட்டுப் பஞ்சு மலிவாக இறங்கினால் உள்ளூர் விவசாயிக்கு விலை விழும். அவர்கள் எதிர்த்தார்கள். என் கணிப்பில், தற்காலிக விலக்கோடு அரசு நிறுத்திக்கொள்வதற்கு முக்கியக் காரணம் அந்த எதிர்ப்புதான்.